பாட்டியின் ஆர்.டி.யும் பேரனின் கணினியும்

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். கணினிக்கு அந்த மொழியில் 'ஒர்தினாத்தர்' என்று பெயர். 1955ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை, தான் விற்கப்போகும் புது யந்திரத்துக்கு ஒரு நல்ல பெயர் வேண்டுமென்று ழாக் பெரே என்ற பேராசிரியரைக் கேட்டது. அகராதியில் தூங்கிக்கொண்டிருந்த இந்தச் சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். உலகத்தை ஒழுங்குபடுத்தி வைப்பவர் என்று கடவுளைக் குறித்த சொல் அது. உலகத்தை ஒழுங்கு செய்வது இருக்கட்டும், அந்த யந்திரத்தை வாங்குவதற்குள் ஒரு குடும்பத்தில் எத்தனை கூச்சல் வரும் என்பதைச் சென்ற ஆண்டு ஜூன் மாதம் எங்கள் திருநின்றவூர் வீட்டில் பார்த்தேன்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில், ஊரடங்குக்கு நடுவே, என் மனைவி தபால் நிலையத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஓர் ஆர்.டி. தொடங்கச் சொன்னாள். கணக்கு என் பெயரில். கட்டியது அவள், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து. "பேரன் பன்னிரண்டாவது முடிக்கிறப்போ கைக்கு வரும், அவன் கேட்கிறதை வாங்கிக் கொடுங்க" என்றாள். 2024ல் அவள் போய்விட்டாள். கடைசிப் பதினோரு தவணை நான் கட்டினேன். ஐந்து வருடம் முடிந்து 69,697 ரூபாய் வந்தது. அவ்வளவுதான் பட்ஜெட். ஒரு ரூபாய் கூடப் போகக் கூடாது, ஒரு ரூபாய் வீணாகவும் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பேரன் கேட்டது கேமிங் கணினி.

"விளையாட்டுக்கு எழுபதாயிரமாப்பா?" என்றான் என் மகன். "லேப்டாப் வாங்கினா காலேஜுக்காவது எடுத்துட்டுப் போகலாமே மாமா" என்றாள் மருமகள். இரண்டும் நியாயமான கேள்விகள். பேரன் விஷுவல் கம்யூனிகேஷன் சேர்ந்திருந்தான். அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. "தாத்தா, கேம் ஓடுற மெஷின்லதான் பிளெண்டரும் ஓடும்." பிளெண்டர் என்பது முப்பரிமாணப் படம் செய்கிற மென்பொருள், இலவசம். ஆட்டத்துக்கும் அதற்கும் தேவைப்படுவது ஒரே பாகம், கிராபிக்ஸ் அட்டை. எழுபதாயிரத்துக்குக் கிடைக்கிற மடிக்கணினியில் அந்த அட்டை பலகையோடு ஒட்டிப் பிறந்தது. நான்கு வருடம் கழித்து அது மட்டும் பழசானால் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். மேசைக் கணினியில் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். என் மகனுக்கு இது புரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் இரண்டு நாள் பிடித்தது.

பேரன் யூடியூப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த முதல் பட்டியலின் கூட்டுத்தொகை 1,12,000 ரூபாய். நான் பென்சிலை எடுத்தேன்.

என் உத்தியோகக் காலத்தில் பல வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மூன்று விலைப்புள்ளி வாங்கு, ஒப்பீட்டுப் பட்டியல் போடு, யார் விலை குறைவோ அவருக்கே ஆணை கொடு. எல் ஒன் என்போம். நாற்காலிக்கும் மேசைக்கும் அது சரிப்படும். கணினிப் பாகத்துக்குச் சரிப்படாது என்பது இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு பாகத்திலும் மலிவானதைப் பொறுக்கினால், ஒன்று மற்றொன்றின் கையைப் பிடித்து இழுக்கும் ஒரு யந்திரம்தான் வரும். வேகமான கிராபிக்ஸ் அட்டைக்கு மெதுவான சிப் சேர்ந்தால் அட்டை சும்மா உட்கார்ந்திருக்கும். நல்ல சிப்புக்கு மட்டமான பலகை சேர்ந்தால் சிப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆகவே 'எது மலிவு' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'மொத்தப் பணத்தில் எதற்கு எத்தனை பங்கு' என்று கேட்க ஆரம்பித்தோம். பிரெஞ்சுப் பள்ளியில் 'ரெக்ல் து த்ருவா' என்று மூன்று எண் கணக்கைச் சொல்லிக் கொடுத்தே பிழிந்து எடுப்பார்கள். அறுபது வருடம் கழித்து அது பேரனுக்குப் பயன்பட்டது.

பங்கு பிரிக்கும் முன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். எந்தத் திரையில் ஆடப் போகிறான்? திரை என்பது புள்ளிகளின் கூட்டம். 1920க்கு 1080 என்ற சாதாரணத் திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். அதற்கு மேல்படியான 2560க்கு 1440ல் சுமார் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம், சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டு, அதையும் நொடிக்கு அறுபது முறைக்குமேல் செய்து தருவதுதான் கிராபிக்ஸ் அட்டையின் வேலை. திரையைப் பெரிதாக்கினால் அட்டையும் பெரிதாக வேண்டும், செலவும் ஏறும். 24 அங்குலத்தில் சாதாரணத் திரையே போதும் என்று பேரன் ஒப்புக்கொண்ட அன்றே பட்டியலில் முப்பதாயிரம் குறைந்துவிட்டது.

அடுத்து அட்டை. கையில் இரண்டு இருந்தன. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, எட்டு ஜிபி, எங்களுக்குச் சொன்ன விலை 20,500. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, பன்னிரண்டு ஜிபி, 24,500. ஆட்டத்துக்கு மட்டும் என்றால் முதலாவதே போதும், நாலாயிரம் மிச்சம். ஆனால் பிளெண்டர் என்விடியா அட்டையோடு நன்றாக ஒத்துப்போகும். தவிர, முப்பரிமாணக் காட்சி பெரிதாகப் பெரிதாக அட்டையின் சொந்த நினைவகமும் அதிகம் வேண்டும். பன்னிரண்டு ஜிபி அங்கே கை கொடுக்கும். "படிப்புக்குன்னு சொல்லித்தானே அப்பாகிட்ட சம்மதம் வாங்கினே? அப்ப படிப்புக்கு எது சரியோ அதை எடு. நாலாயிரத்தை வேற எங்கேயாவது குறைச்சுக் காட்டு" என்றேன். அவன் குறைத்துக் காட்டினான். கலர் விளக்குகள் போயின. கண்ணாடி முகப்புப் பெட்டி போயிற்று. ஒரு டெராபைட் எஸ்எஸ்டி 500 ஜிபி ஆயிற்று. பின்னால் இன்னொன்றைச் செருகப் பலகையில் இடம் இருக்கிறது, அது போதும்.

சிப்புக்கும் பலகைக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. ஏஎம்டியின் புது வகையான ஏஎம்5 பலகை 2022ல் வந்தது. அதற்கு டிடிஆர்5 ராம்தான் பொருந்தும். இப்போதைக்குப் பத்தாயிரம் கூட ஆகும், எதிர்காலம் உண்டு. பழைய ஏஎம்4, 2016ல் வந்த வகை. அதில் ரைசன் 5 5600 என்ற ஆறு கோர் சிப் 10,500க்குக் கிடைத்தது. அந்தப் பத்தாயிரத்தைப் பலகையில் போட்டால் அட்டையில் குறைக்க வேண்டியிருக்கும். இன்று பயன்படுகிற அட்டையைக் குறைத்து, என்றோ பயன்படப்போகிற பலகைக்குக் கொடுப்பதா? ஏஎம்4 என்று முடிவாயிற்று. அதே பலகையில் பிற்பாடு எட்டு கோர் சிப் ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

இப்படிப் பதினைந்து நாள் காகிதத்திலேயே கணினி கட்டினோம். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. பூசலார் நாயனார் பணம் கிடைக்காமல் மனதுக்குள்ளேயே கல் தேடி, தச்சரை அழைத்து, நாள் குறித்துச் சிவனுக்குக் கோயில் கட்டியது இந்தத் திருநின்றவூரில்தான். காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கை இறைவன் தள்ளிப்போடச் சொன்னது இவருக்காக என்பது பெரியபுராணக் கதை. மனதில் கட்டுவதில் ஒரு வசதி உண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும் இடித்துக் கட்டலாம், காசு செலவில்லை.

காகிதம் முடிந்ததும் ஒரு புதன்கிழமை புறநகர் ரயிலில் மூர் மார்க்கெட் போய், சென்ட்ரலில் மெட்ரோ மாறி, அடுத்த நிறுத்தமான அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தத் தெருவில் ரேடியோவும் ரேடியோ உதிரி பாகங்களும்தான். இப்போது நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு என்று சந்து சந்தாகக் கணினிதான்.

அங்கே மூன்று ஆசை காட்டினார்கள். ஒரு கடையில் "ஃபுல் செட் அறுபத்தைந்தாயிரம் சார், ஐ7" என்றார்கள். ஐ7 என்ற பெயர் பெரிது. எந்தத் தலைமுறை என்று பேரன் கேட்டான், பல வருடம் பழையது. கூட வந்த மின்பெட்டிக்குப் பெயரே இல்லை. இன்னொரு கடையில், நாங்கள் நினைத்ததைவிட வேகமான ஆர்டிஎக்ஸ் 3070 அட்டை ஒன்று, பழையது, இருபதாயிரம் என்றார்கள். பேரன் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. எவ்வளவு நாள் ஓடியது, எங்கே ஓடியது என்று கேட்டேன். பதில் தெளிவாக இல்லை. எத்தீரியம் என்ற எண்ம நாணயத்தைத் தோண்ட இந்த அட்டைகளைத்தான் இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் தோண்டும் வேலை நின்றது. ஏராளமான அட்டைகள் பழைய சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லதும் இருக்கும். நல்லது எது என்று கடையில் நின்று பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. விசிறி தேய்ந்திருக்கலாம், உள்ளே சூடு கடத்தும் பட்டை காய்ந்திருக்கலாம். உத்தரவாதமும் கிடையாது. பாட்டி மாதாமாதம் கட்டிய பணத்தை அதில் போட எனக்குத் துணிவு வரவில்லை. பேரனிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். பிறகு அவனே "சரி தாத்தா, மூணு வருஷ வாரன்டி இருக்கிறதையே எடுப்போம்" என்றான்.

மூன்றாவது ஆசை, பில் இல்லாமல் வாங்கினால் குறைத்துத் தருகிறேன் என்பது. கணினிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், சபலம் வரத்தான் செய்யும். நாளைக்கு அட்டை பழுதானால் வரிசை எண் போட்ட பில் இல்லாமல் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். முப்பது வருடம் பில்லும் வவுச்சருமாக வாழ்ந்தவன் நான். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லி, டப்பாவோடு ஒத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். கடைப் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.

எல்லோரும் கையை வைக்கிற இடம் ஒன்று உண்டு. எஸ்எம்பிஎஸ் என்று கடையில் சொல்கிற மின்பெட்டி. அது ஆட்டத்தை வேகமாக்காது, பார்க்க அழகாகவும் இருக்காது. அதனால் பணம் பற்றாதபோது முதலில் வெட்டுப்படுவது அதுதான். பிரெஞ்சில் அதற்கு 'அலிமாந்தசியோன்' என்று பெயர். சாப்பாடு போடுவது என்று பொருள். வீட்டில் எல்லோருக்கும் சோறு போடுகிறவளிடமா சிக்கனம் காட்டுவது? ஆர்டிஎக்ஸ் 3060க்கு 170 வாட், சிப்புக்கு 65 வாட், மற்றவற்றுக்கெல்லாம் அறுபது வாட் என்று வைத்தாலும் முந்நூறு. அட்டை சில கணங்களில் இதைத் தாண்டி இழுக்கும். கொஞ்சம் இடம் விட்டு, 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 550 வாட் பெட்டி எடுத்தோம். மின்னழுத்தம் ஏறி இறங்குகிற ஊரில் மட்டமான மின்பெட்டி போகும்போது தனியாகப் போகாது, பலகையையும் அட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடைசிக் கணக்கு இது:

கிராபிக்ஸ் அட்டை – 24,500
சிப் – 10,500
பி550 பலகை – 8,500
ராம், 8 ஜிபி இரண்டு – 3,400
எஸ்எஸ்டி 500 ஜிபி – 3,300
மின்பெட்டி – 4,500
வலை முகப்புப் பெட்டி, விசிறிகளோடு – 3,200
24 அங்குலத் திரை – 9,300
கீபோர்டு, மவுஸ் – 1,500
மொத்தம் – 68,700

மீதி 997 ரூபாய். நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு அட்டைக்குப் போயிருக்கிறது. ராமை ஒரே 16 ஜிபியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கியதற்குக் காரணம், இரண்டு வழியில் ஒரே நேரத்தில் தகவல் ஓடும் என்பதே. பெட்டிக்குக் கண்ணாடிக்குப் பதில் வலை முகப்பு எடுத்ததற்குக் காரணம் எங்கள் மே மாதம். பேரன் அறையில் ஏ.சி. கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் அட்டை வெந்துபோகும். வலையில் தூசி சேரும்தான், பிரஷ் வைத்து மாதம் ஒரு முறை துடைத்தால் போயிற்று.

பட்டியலில் இல்லாதது விண்டோஸ் உரிமம். மடிக்கணினி வாங்கியிருந்தால் அது கூடவே வந்திருக்கும், அந்த விஷயத்தில் மருமகள் சொன்னது சரி. அவன் ஆட நினைத்த வேலரன்ட் லினக்ஸில் ஓடாது. என்ன செய்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, "அதை நான் வாங்கித் தரேன்பா, அம்மா கணக்கு அப்படியே இருக்கட்டும்" என்றான் மகன். இரண்டு வாரமாக எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவன்.

பொருத்துவதைப் பேரனே வீட்டில் செய்தான், சாப்பாட்டு மேசையில், வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து. நான் டார்ச் பிடித்தேன். மூன்று மணி நேரம். சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். விஷயம் சின்னதுதான். திரையின் வயரைப் பலகையில் செருகியிருந்தான். இந்த ரைசன் 5600 சிப்புக்குத் தானாகப் படம் காட்டும் திறன் கிடையாது, வயர் கிராபிக்ஸ் அட்டையில்தான் போக வேண்டும். மாற்றிச் செருகியதும் வெளிச்சம் வந்தது. வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகை என்பதால் அதன் இணைப்பிலேயே கணினிக்கு ஒரு பிளக் போட்டுக் கொடுத்தோம். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இதில் எச்சரிக்கையாக இருக்கவேண்டும், புது மின்பெட்டிகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது.

வேண்டுமென்றே குறிக்காத நல்ல நேரம் ஒன்றும் இதில் சேர்ந்துவிட்டது. 2025 முடிவதற்குள் ராம் விலை உலகமெங்கும் எகிறியது. 3,400க்கு நாங்கள் வாங்கிய அதே ஜோடி இரண்டு மடங்குக்கும் மேல் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான நினைவகத்தில் லாபம் அதிகம் என்று உற்பத்தியாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம் டிசம்பரில், பொதுமக்களுக்கு விற்கும் தன் குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது. ஆகவே என் பட்டியலை யாரும் அப்படியே நகலெடுக்க வேண்டாம். விலை மாறினால் பங்கும் மாறும். இன்று நான் போடுவதாயிருந்தால், உறவினர் வீட்டில் ஓடாமல் கிடக்கும் டிடிஆர்4 கணினி ஏதாவது உண்டா, அதன் ராமைக் கழற்றிக் கேட்கலாமா என்றுதான் முதலில் விசாரிப்பேன். ஏஎம்4 பலகைக்கு அது பொருந்தும்.

பேரப்பிள்ளைகளுக்கு வாங்கித் தர நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். கடைக்குப் போகும் முன் பிள்ளையை உட்காரவைத்து மூன்று கேள்வி கேளுங்கள். எந்தத் திரை? ஆட்டம் தவிர வேறு என்ன வேலை? நான்கு வருடம் கழித்து எதை மட்டும் மாற்றுவாய்? பதில் வந்துவிட்டால் பட்டியலில் பாதி தானாக எழுதிக்கொள்ளும். விலை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது பிள்ளைகளுக்குத் தெரியும். பணத்தைப் பங்கு பிரிப்பது நமக்குத் தெரியும்.

மின்கட்டணம் பற்றி மருமகள் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 425 யூனிட் ஆகும். ஐந்நூறைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். ஆடும்போது கணினியும் திரையும் சேர்ந்து சுமார் 350 வாட். தினம் நாலு மணி நேரம் என்றால் அறுபது நாளைக்கு 84 யூனிட், மொத்தம் 509. மூன்று மணி நேரம் என்றால் 63, மொத்தம் 488. கணக்கை எழுதிப் பேரன் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் 491 வந்தது.